பலராமன் கயிறு போட்ட அம்பாரம்

ஒரு பிரதோஷத்தன்று ஈஸ்வரன் கோயிலில் சோறு போட்டார்கள். நடவு வேலைக்குப் போகும் கலியம்மாள் பந்தியில் கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்தாள். கடைவாய்ப் பல்லில் வலி. அவள் இலையில் விழுந்ததோ வறுத்த வேர்க்கடலை போட்ட புளிச்சோறு. தயிர்ச்சோறு பக்கத்து இலையோடு தீர்ந்துவிட்டது. பக்கத்து இலை பலராமனுடையது. அவன் தன் இலையை அவள் பக்கம் நகர்த்திவிட்டு அவள் இலையைத் தன் முன்னால் இழுத்துக்கொண்டான். அவள் தயங்கினாள். "எனக்குத் தயிரு ஆவாதும்மா, நெஞ்சு கட்டிக்கும்" என்றான். அவன் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். தயிர் இல்லாமல் அவன் ஒரு வேளை சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

அவனைப் பற்றி ஊர் பேசியதையெல்லாம் எழுதப் போகிறேன். அதனால் இதை முதலில் எழுதிவிட்டேன்.

பாகூர் ஏரிக்குக் கீழே எங்கள் தெரு. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். பலராமன் அப்படி இல்லை. அவன் அப்பா அவனைப் புதுச்சேரியில் சொந்தக்காரர் வீட்டில் விட்டுக் கல்லூரி என்கிற பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். பையனுக்குப் பதினேழு வயது நடக்கும்போது அப்பா காலமானார். பையன் புத்தகங்களைத் துணியில் கட்டிப் பரணில் போட்டுவிட்டு ஏரைப் பிடித்தான். பிடித்தது வீண்போகவில்லை. நல்ல குடியானவன் என்று பெயர் எடுத்தான். கல்யாணம் ஆயிற்று, தனக்கொடி வந்தாள். ஓர் ஆனி மாதம் ஏற்றம் மிதிக்கும்போது கால் வழுக்கிக் கிணற்றுக் கட்டின் மேல் விழுந்தான். எலும்பு கூடியது, ஆனால் கால் நேராகவில்லை. சேற்றில் ஊன்றி நிற்க முடியாதவன் எப்படிப் பயிர் வைப்பான்?

ஊர் நிர்வாகம் பார்க்கும் கொம்யூன் அலுவலகத்தை எங்கள் பக்கத்தில் மேரி என்று சொல்வோம். அங்கே எழுத்தர் ஒருவர் ஓய்வு பெற இருந்தார். அந்த இடம் பிரெவே என்கிற பிரெஞ்சுப் பரீட்சையில் தேறியவருக்குத்தான். பலராமனுக்குப் பிரெஞ்சு மறந்து போகவில்லை. தமிழைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கணக்குதான் இடித்தது. சின்ன வயதிலும் இடித்ததுதான். கல்லூரிக் கணக்கு வாத்தியார் ஒருவரைப் போய்ப் பார்த்தான். அவர் இவன் காலைப் பார்த்தாரோ முகத்தைப் பார்த்தாரோ, வியாழக்கிழமை விடுமுறையில் கணக்கு வராத பையன்களுக்காக அவர் நடத்தும் வகுப்பில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்துகொள்ளச் சொன்னார்.

அதிலிருந்து வியாழக்கிழமை வந்தால் பலராமன் கத்தரிக்காய் வண்டியில் ஏறிப் புதுச்சேரிக்குப் போய்விடுவான். பொழுது சாயும்போது திரும்புவான்.

முப்பத்தைந்து வயதுக்காரன், காதோரம் நரைத்தவன், படிக்கப் போகிறான் என்றால் யார் நம்புவார்கள்? எங்கள் ஊரைச் சுற்றி நாலு பக்கமும் எல்லை. ஒரு வயல் பிரெஞ்சுக்காரனுடையது, அடுத்த வயல் இங்கிலீஷ்காரனுடையது. மூட்டையோடு போகிறவனைப் பார்த்தாலே ஊர் கண்ணைச் சுருக்கும்.

"படிக்கிறானாம்பா படிக்க" என்பார் நடேசன். களத்து வேலையில் அவர்தான் மூத்தவர். "அந்தத் துணி மூட்டையில புத்தகம்தான் இருக்குதுன்னு எவன் அவுத்துப் பாத்தான்? சாராயமோ, சரிகையோ."

"சரிகை கடத்துறவன் கத்தரிக்கா மேல குந்திகினா போவான்?" என்று யாராவது சிரிப்பார்கள்.

"அங்கதான்டா இருக்குது சூட்சுமம். கத்தரிக்காயை எவன் சோதிப்பான்?"

இன்னொரு பேச்சு, நிலங்களை மறுபடி அளந்து வரி ஏற்றப் போகிறார்கள், அதற்குத்தான் இவனைத் தயார் செய்கிறார்கள் என்பது. அவன் வரப்பில் உட்கார்ந்து குச்சியால் முக்கோணம் கீறி அதன் மூலைக்கு மூலை எழுத்துப் போட்டதை ஒருத்தி பார்த்துவிட்டாள். செப்புத் தகட்டில் எழுதுவார்களே எந்திரம், அது போலவே இருந்தது என்று தெருவெல்லாம் சொன்னாள். நானும் போய்ப் பார்த்தேன். மூலைகளில் எழுத்து இருந்தது உண்மை. என்ன எழுத்து என்று எனக்குத் தெரியவில்லை. திருநீற்றை அள்ளிப் பூசிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஊர் இருக்கட்டும், வீட்டிலேயே சந்தேகம் வந்தது. ஒரு நாள் தனக்கொடி என் மனைவி அமுதத்திடம் அவன் சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, இத மோந்து பாருங்க."

"இன்னாடி இது, சட்டையப் போயி..."

"கைமேல வெள்ளை வெள்ளையா அப்பியிருக்குது பாருங்க. பவுடரு. டவுன்ல எவளோ பூசிகினு குந்தியிருக்கா. போன வியாழக்கிழமையும் இருந்துச்சு."

அமுதம் மோந்து பார்த்துவிட்டு, "வாசனையே இல்லியேடி" என்றாள்.

"விலை கம்மி பவுடரா இருக்கும்."

அமுதம் அதை என் தலையில் கட்டினாள். நான் பலராமனைக் குளத்தங்கரையில் பிடித்து, சுற்றி வளைத்துக் கேட்டேன். அவன் முதலில் விழித்தான், பிறகு சிரித்தான், பிறகு அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அண்ணே, அது சாக்கட்டிப் பொடி. வாரா வாரம் வாத்தியார் என்னக் கரும்பலகைகிட்ட நிக்க வைக்கிறாரு. எழுதறதும் தப்பு, அழிக்கறதும் தப்பு. கையாலயே அழிச்சு அழிச்சு இப்படி ஆவுது. போன வாரம் ஏதோ எண்ணச் சொன்னாரு. நான் பாட்டுக்கு லாபம், ரெண்டு, மூணுன்னு எண்ணிட்டேன். பசங்க பெஞ்ச தட்டிச் சிரிக்கறானுங்க."

களத்தில் நெல் அளக்கும்போது ஒன்று என்று சொல்வதில்லை. லாபம் என்றுதான் தொடங்குவோம். இத்தனை வருஷம் அப்படி எண்ணிய வாய் கரும்பலகைக்கு முன்னால் மாறிவிடுமா?

"மறுபடி கத்துக்கிட்டா வராமலா போயிடும்?" என்றேன்.

"அது இல்லண்ணே. எனக்குச் சரின்னு படுறது அங்க தப்பா இருக்குது. தப்புன்னு நெனச்சா அதான் சரியாம். என் புத்தி சொல்றதையே நம்ப முடியல. அது ஒண்ணு சொன்னா, இல்லடா வேற ஒண்ணுதான் சரியா இருக்கும்னு நானே நெனச்சுக்கிறேன்."

சாக்கட்டி என்று தனக்கொடியிடம் சொன்னோம். "அப்படித்தான் சொல்லச் சொன்னாரா?" என்று கேட்டாள்.

தை மாத அறுவடை வந்தது. எங்கள் பக்கத்து நிலங்கள் முதலியார் குடும்பத்துடையவை. பெரிய முதலியார் அதற்கு முந்தின வருஷம் காலமாகிவிட்டார். அவர் மகன் சிவப்பிரகாசம் புதுச்சேரியிலேயே வளர்ந்தவர். அப்பா இல்லாத முதல் அறுவடைக்கு நேரில் வந்து பாகூரில் தங்கினார். நெல்லும் வரகும் பக்கத்தில் வைத்தால் தடுமாறுவார். ஆனால் எல்லோரும் தன்னை ஏமாற்றுகிறார்கள் என்பதில் மட்டும் அவருக்குத் தடுமாற்றமே கிடையாது. பலராமன் பிரெஞ்சு பேசுவான் என்பதால் அவனிடம் மட்டும் முகம் கொடுத்துப் பேசினார். மேரித் தலைவரைத் தனக்குத் தெரியும், பரீட்சை எழுதிவிட்டு வா, நான் ஒரு வார்த்தை சொல்கிறேன் என்று வாக்கும் கொடுத்திருந்தார்.

அந்தக் களத்துக்குக் காவல் என் தம்பி மாரிமுத்து. எங்கள் அப்பா பார்த்த காவல். அறுவடைக்கு அறுவடை கிடைக்கும் காவல் பங்கு நெல்தான் அவனும் அவன் மனைவி விருத்தாம்பாளும் பிள்ளைகளும் சாப்பிடும் சோறு.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் தூற்றி முடித்து நெல்லை ஒரே அம்பாரமாகக் குவித்தோம். மறுநாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை நெல்லை அளந்து களத்தை விட்டு வெளியே கொடுப்பதில்லை. அதனால் சனிக்கிழமை அளப்பதென்று முடிவாயிற்று. அதுவரை யாரும் கை வைக்காமலிருக்க அம்பாரத்தைச் சுற்றி முத்திரைப் பலகையால் சாம்பல் குறி வைத்தார்கள். ஒரு பிடி நெல் எடுத்தாலும் சரிந்து குறி கலைந்துவிடும்.

"இது எவ்வளவு தேறும்?" என்று சிவப்பிரகாசம் கேட்டார்.

நடேசன் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "அளக்காத அம்பாரத்து மேல வாய் வைக்கக் கூடாதுங்க எசமான். கொறஞ்சு பூடும்."

"கேட்டால் சொல்ல மாட்டீர்கள். அளந்த பிறகு நீங்கள் சொன்னதுதான் கணக்கு. அப்பாவை இப்படித்தான் ஓட்டினீர்களா?"

அந்த நேரம் பார்த்துக் கத்தரிக்காய் வண்டி திரும்பி வந்து பலராமன் இறங்கினான். விஷயத்தைக் கேட்டான். அவன் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு வெளிச்சம்.

"எசமான், இன்னிக்கிக் காலையிலதான் இந்தக் கணக்கு படிச்சேன். கூம்பு. இதே உருவம்தான். அளக்காமலே சொல்லிடலாம்."

வாத்தியார் இத்தனை நாள் சொல்லிக் கொடுத்ததில் இது ஒன்றுதான் அவன் கையால் தொட்ட பொருளாக இருந்திருக்கிறது. கதிர் கட்டும் கயிறு வாங்கி அம்பாரத்தின் அடியைச் சுற்றி வளைத்து முடிச்சுப் போட்டான். மரக்காலை எடுத்து அதன் வாயையும் ஆழத்தையும் அளந்துகொண்டான். பிறகு உயரம் வேண்டும் என்று ஒரு மூங்கில் குச்சியை எடுத்து அம்பாரத்தின் உச்சியில் வைத்தான். நடேசன் பாய்ந்து அவன் கையைப் பிடித்துவிட்டார்.

"குறி வச்ச அம்பாரத்துல குச்சி குத்துறியா? மகாலட்சுமி வயித்துல குத்துறதும் இதுவும் ஒண்ணுடா! நீ படிச்சிகினு வந்த லட்சணம் இதுதானா?"

நானும், "வேண்டாம் பலராமா" என்றேன். அவனும் எங்களோடு வளர்ந்தவன்தானே. குச்சியைக் கீழே போட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். குறி கலையாமல் கயிற்றை அடியிலிருந்து சரிவின் மேலாகவே உச்சி வரைக்கும் நீட்டி அளந்துகொண்டான். தரையில் உட்கார்ந்து வைக்கோல் தாளால் எழுதினான், அழித்தான், எழுதினான்.

"ஐம்பது கலத்துக்குக் குறையாதுங்க."

நடேசன் சிரித்தே விட்டார். அம்பாரத்தின் மேல் வாய் வைக்கக் கூடாது என்றவருக்கு அதுவும் மறந்துபோனது. "ஐம்பதா! கண்ணை மூடிகினு தடவிப் பாத்தாக்கூட முப்பதுதான்டா."

கூட இருந்தவர்களும் முப்பது, முப்பதுதான் என்றார்கள். பலராமன் அம்பாரத்தைப் பார்த்தான். பிறகு தரையில் எழுதியதைப் பார்த்தான். இத்தனை வருஷம் களத்தில் நின்ற கண் அவனுக்கும் முப்பது என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவன், "கணக்கு ஐம்பதுன்னுதான் சொல்லுதுங்க எசமான்" என்றான்.

சிவப்பிரகாசம் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "எல்லோரும் ஒரே குரலில் முப்பது என்கிறீர்களே. பேசி வைத்துக்கொண்டீர்களா?"

சனிக்கிழமை விடியும்போது காலம் கெட்ட ஒரு தூறல். மாரிமுத்து பதறிப் போய் வைக்கோலை வாரி அம்பாரத்தின் மேல் போட்டு மூடியிருக்கிறான். காலையில் வைக்கோலை விலக்கிப் பார்த்தால் சாம்பல் குறி பாதி கரைந்து, பாதி உரசிப் போயிருந்தது. களத்துக்கு ஓரமாக வண்டித் தடம் ஒன்று. முந்தின நாள் வைக்கோல் ஏற்றிப் போன வண்டி என்று எல்லோருக்கும் தெரியும். சிவப்பிரகாசத்துக்குத் தெரியாது. அவர் தடத்தின் பக்கத்தில் குனிந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அளக்க ஆரம்பித்தார்கள். நடேசன் குரல் கொடுத்து அளந்து முடித்தபோது முப்பது கலம்.

"மீதி எங்கே?" என்றார் சிவப்பிரகாசம்.

நடேசன் மரக்காலைக் கவிழ்த்து வைத்தார்.

"குறி கலைந்திருக்கிறது. வண்டித் தடம் இருக்கிறது. இருபது கலம் இல்லை. காவல்காரன் யார்?"

மாரிமுத்து முன்னால் வந்து நின்றான். தூறலில் நனைந்த வேட்டி முழங்கால் வரை சேறாக இருந்தது. ஏன் இத்தனை சேறு என்று எனக்கும் ஒரு நினைப்பு ஓடியது. தூறலில் ஓடியவன் வேட்டியில் சேறு இல்லாமல் வேறு என்ன இருக்கும்?

சிவப்பிரகாசம் ஆட்களோடு போய் அவன் வீட்டைச் சோதித்தார். விருத்தாம்பாள் விதைக்கென்று குதிரில் மூடி வைத்திருந்த நெல்லைக் கையால் அள்ளி, "இது புது நெல்லா, பழைய நெல்லா?" என்று சிவப்பிரகாசம் கேட்டார்.

"பழசுங்க. கடிச்சுப் பாருங்க, தெரியும்" என்றாள் அவள்.

"எனக்குத் தெரியாது என்று தெரிந்துதானே கடிக்கச் சொல்கிறாய்?"

வருகிற வியாழக்கிழமை வரை தவணை. அதற்குள் நெல் எங்கே என்று சொல்லாவிட்டால் போலீசுக்கு எழுதப் போவதாகவும், காவலை வேறு ஆளுக்கு மாற்றப் போவதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

மாரிமுத்து நேராகப் பலராமன் வாசலுக்குப் போனான். "டேய், நீ கயிறு போட்டது அம்பாரத்துல இல்லடா, எங்கழுத்துல" என்று தெரு கேட்கக் கத்தினான். பலராமன் வெளியே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பலராமன் என்னைத் தேடி வந்தான்.

"அண்ணே, தப்பா நெனக்காதீங்க. பத்து தரம் போட்டுப் பாத்துட்டேன். சுத்தளவுலேருந்து அடிப்பரப்பு. அத உயரத்தால பெருக்கி மூணுல ஒரு பங்கு. வாத்தியார் சொன்னபடி ஒரு எழுத்துக்கூட மாறல. ஐம்பதுதான் வருது." குரலைத் தாழ்த்தினான். "மாரிமுத்து... அப்படிச் செய்யக்கூடிய ஆளா?"

நான் அவனைத் திருப்பிக் கேட்டேன். "அன்னிக்கிக் களத்துல உங்கண்ணு இன்னா சொல்லுச்சு?"

"முப்பது."

"அப்புறம் இன்னா?"

"எங்கண்ணு படிக்கலியேண்ணே."

அவன் போன பிறகு நான் கோயிலுக்குப் போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் தம்பி திருடன் இல்லை என்று சாமியிடம் சொல்லத்தான் போனேன். என் தம்பி திருடனா என்று கேட்டுவிட்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் கோயிலுக்குப் பூப் பறித்துக் குடலையோடு களத்து வழியாக வரும்போது, அளந்து பெருக்கிவிட்ட வெறுங்களத்தில் பலராமன் தனியாகக் குந்தியிருப்பதைப் பார்த்தேன். எதிரே உமியைக் குவித்து, அதைச் சுற்றிக் கயிறு போட்டு வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான். எந்திரம் என்று அந்தப் பெண் சொன்னது நினைவுக்கு வந்தது. இல்லாவிட்டால் ஏதாவது தடயத்தை அழிக்கிறானோ? சத்தம் போடாமல் பின்னால் போய் நின்றேன்.

உமியை முன்னாலேயே மரக்காலால் அளந்து வைத்துக்கொண்டுதான் குவித்திருக்கிறான். கணக்கைப் போட்டால் இருப்பதைவிட அதிகமாக வருகிறது. மறுபடி அளக்கிறான், குவிக்கிறான், கணக்குப் போடுகிறான். மறுபடியும் அதிகம்.

"உமியை யாருடா திருடுனது?" என்று தனக்குத் தானே கேட்டுக்கொண்டான்.

அப்புறம் பக்கத்தில் கிடந்த குச்சியை எடுத்து உமிக் குவியலின் உச்சியில் வைத்தான். கை நின்றது. உமியில் மகாலட்சுமி இல்லை, குறியும் இல்லை. இருந்தும் பழக்கம் கையைப் பிடித்திருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு நேராகத் தரை தட்டும் வரை குத்தினான். உச்சி மட்டத்தில் விரலால் பிடித்து வெளியே இழுத்துக் கயிற்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். சரிவில் போட்ட கயிறு நீளமாகவும் குச்சியில் புதைந்த அளவு மிகக் குட்டையாகவும் இருந்தன.

அவன் அப்படியே பின்னால் சாய்ந்து விழுந்தான். நான் ஓடிப் போய்த் தூக்கினேன்.

"அண்ணே! உயரம்னா நேரா நிக்கறதுண்ணே. நான் சரிவை அளந்துட்டு உயரம்னு சொல்லிட்டேன். பாவி நான், பத்து தரம் போட்டும் பெருக்கலத்தான் பாத்தேன், அளந்ததப் பாக்கல."

எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் அம்பாரத்தில் குச்சி குத்தாதே என்று தடுத்தது நடேசன். வேண்டாம் என்று சொன்னது நான். அது புரிந்தது.

வீட்டுக்குப் போய்த் தனக்கொடியிடம் சொல்லியிருக்கிறான். சுவருக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்டது.

"போயிச் சொல்லப் போறியா? சின்ன எசமான் மேரியில சொல்றேன்னு வாக்குக் குடுத்திருக்காரு. கணக்குத் தப்புன்னு நீயே போயிச் சொன்னா அப்புறம் எதுக்குச் சொல்லுவாரு? மாசக்கணக்கா கத்தரிக்கா மேல குந்திகினு போனதுக்கு இன்னா அர்த்தம்?"

"மாரிமுத்துவப் போலீசு புடிச்சிகினு போவாங்கடி."

"அவன் எடுக்கலைன்னு உனக்கெப்படித் தெரியும்? உங்கணக்குத்தான் தப்பு. அவன் சரியானவன்னு எந்தக் கணக்குல வந்துச்சு?"

கதவு திறக்கும் சத்தமும் நொண்டி நடக்கும் சத்தமும் கேட்டன. நானும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் போனேன்.

சிவப்பிரகாசம் கூடத்தில் உட்கார்ந்து கேட்டார். பலராமன் பிரெஞ்சில் ஆரம்பித்தான். பிறகு மாரிமுத்துவும் நடேசனும் வாசலில் வந்து நிற்பதைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறினான்.

"எந்தப்புதாங்க. நெல்லு திருடு போவல. ஐம்பது கலம் எப்பவுமே இல்ல."

"வியாழக்கிழமை ஐம்பது. செவ்வாய்க்கிழமை முப்பது. நடுவில் காவல்காரன் உன் வாசலுக்கு வந்தானாமே?"

"வந்தாருங்க. திட்டிட்டுப் போனாரு."

"ஊருக்குக் கேட்கத் திட்டிவிட்டு உனக்கு மட்டும் கேட்க என்ன சொன்னான்?"

பலராமன் அவரைக் களத்துக்கு அழைத்துப் போய் உமியையும் குச்சியையும் காட்டினான். அவர் நம்பவில்லை. உமிக்கு ஒரு கணக்கு நெல்லுக்கு ஒரு கணக்கா, அதே நெல்லில் காட்டு என்றார். அளந்த நெல்லை மறுபடி களத்தில் கொட்டி அம்பாரமாக்குவது எங்கள் ஊரில் யாரும் கேள்விப்படாத காரியம். நடேசன் முணுமுணுத்தார். கடைசியில், "அளந்தாச்சு, இனிமே இது வெறும் நெல்லு, குத்துனா குத்து" என்று அவரே முதல் மூட்டையைக் கவிழ்த்தார். பலராமன் கயிறு போட்டான். குச்சியை நடேசன் கையிலேயே கொடுத்து, "நீங்களே குத்துங்க மாமா" என்றான். அவர் ஈஸ்வரா என்று சொல்லிக்கொண்டு குத்தினார்.

பலராமன் எழுதினான். மாரிமுத்து மட்டும் தரையில் அவன் எழுதுவதைப் பார்க்காமல் சிவப்பிரகாசத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"முப்பத்தொண்ணு வருதுங்க."

"முப்பதுதானே அளந்தது? ஒரு கலம் எங்கே?"

"அது கயித்த இழுக்கற இழுப்புல வர்ற வித்தியாசமுங்க எசமான்."

"இழுத்தால் வருகிறது, விட்டால் போகிறது. நல்ல கணக்கு."

ஆனால் போலீசுக்கு எழுதவில்லை. காவலும் மாரிமுத்துவிடமே இருந்தது. அடுத்த அறுவடையில் அவனோடு இன்னொரு ஆளையும் போட்டார், அவ்வளவுதான். மாரிமுத்துவுக்குச் சோறு தப்பியது. பலராமனுக்குக் கொடுத்த வாக்குதான் போயிற்று. உயரம் எது சரிவு எது என்று தெரியாதவனை நான் எப்படிச் சிபாரிசு செய்வேன் என்று சிவப்பிரகாசம் கேட்டாராம். கேட்டது நியாயம்தான் என்று என்னிடம் சொன்னவன் பலராமனே.

அந்த வருஷம் பரீட்சையில் மற்றதெல்லாம் தேறிக் கணக்கில் போனான். மேரி வேலை யாரோ வில்லியனூர்ப் பையனுக்குப் போயிற்று. மறுபடியும் கத்தரிக்காய் வண்டியில் ஏறினான். இந்தத் தடவை எல்லாவற்றையும் முதலில் கண்ணால் ஒரு தரம் மதிப்பிட்டுவிட்டு அப்புறம் போடுவான். இரண்டும் ஒத்துப் போகாவிட்டால் வாத்தியாரையே நிறுத்திக் கேட்பானாம். அடுத்த வருஷம் மயிரிழையில் தேறினான். காரைக்காலில் ஒரு பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியர் வேலை கிடைத்தது.

ஊர் அவனை நம்பியதா என்றால், இல்லை. மாரிமுத்துவைக் காப்பாற்றக் கணக்கை மாற்றினான் என்று பாதிப் பேர். மாரிமுத்துவுக்கும் அவனுக்கும் பங்கு என்று மீதிப் பேர். மாரிமுத்து அவனுக்கு நன்றி சொல்லவும் இல்லை, அவனோடு பேசவும் இல்லை. பங்குனியில் விருத்தாம்பாள் ஒரு புதுப்புடவை கட்டிக்கொண்டு தேர் பார்க்க வந்தாள். தெருவே அவளைத் திரும்பிப் பார்த்தது. அவள் அண்ணன் எடுத்துக் கொடுத்தது என்றாள். இருக்கும். அவள் அண்ணன் கொடுக்கக் கூடியவன்தான். நானும் அந்தப் புடவையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பலராமன் அப்போது என் பக்கத்தில் நின்றான்.

காரைக்காலுக்குப் போய் மூன்றாம் வருஷம் காய்ச்சலில் அவன் போய்விட்டதாகத் தனக்கொடியின் அண்ணன் வந்து சொன்னார். ஈசன் அவனுக்கு நல்ல கதி கொடுத்திருப்பான். அவன் ஊரை விட்டுக் கிளம்பிய அன்றுதான் நான் அவனைக் கடைசியாகப் பார்த்தது.

பாத்திரம் பண்டமெல்லாம் வண்டியில் ஏற்றி, தனக்கொடியும் ஏறி உட்கார்ந்துவிட்டாள். நான் கோயில் பிரசாதத்தை அவன் கையில் கொடுத்தேன். நல்ல காலைத் தரையிலும் மற்றதை வண்டிப் படியிலும் வைத்துக்கொண்டு திரும்பினான்.

"அண்ணே, மாரிமுத்துவப் பத்தி எவனாச்சும் ஒரு மாதிரிப் பேசுனா, தப்பு பலராமன் போட்ட கயித்துலதான்னு சொல்லுங்க. யாரும் பேசாம, உங்க மனசே எப்பனாச்சும் கேட்டுச்சுன்னா, அதுக்கும் இதையே சொல்லுங்க."